பச்சைக் கறை யார் வேலை?

மாட்டுங்கா வீட்டுப் பரணில் கிடந்த பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர், 1984இல் கிளாஸ் என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போன ரகம், உயிர் வரவில்லை. 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலுகூட நிற்கவில்லை. பவர் சப்ளையைத் திறக்கும்முன் ஒன்று: பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரில் பூஜ்யம் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

உள்ளே பச்சைக் கறை. மும்பையில் எதற்கும் கடற்காற்றின் மேல்தான் பழி! ஆனால் தகரமும் திருகுகளும் பளிச்சென்று இருந்தன. அவுட்புட் பக்கம் ஒரு கெப்பாசிட்டரின் காலடியில் மட்டும் பச்சை. காற்றென்றால் எங்கும் பூத்திருக்கும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் கவிச்சி. சரி, கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவமான எலெக்ட்ரோலைட்டின் கசிவுதான். லாமிங்டன் ரோட்டில் 105 டிகிரி வெப்பம் தாங்கும் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றினேன். ஆல்கஹாலால் துடைத்தபோது அரித்துப்போன செம்புத் தடம் ஒன்று உரிந்து வந்தது; அங்கே சின்ன வயர் ஒன்றைப் பற்றவைத்தேன். இப்போது 5.05 வோல்ட்.