கீபோட்டைக் கழற்றும்போது உண்மையில் உடைவது எது?

போன மாதம் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். கையில் லப்டொப், சட்டைப் பையில் மடித்த கடதாசி ஒன்று. கடதாசியை மேசையில் வைத்து மெதுவாக விரித்தார். உள்ளே ஈர்க்குத் துண்டு மாதிரி மெல்லிய கறுப்புப் பிளாஸ்ரிக், இரண்டாக முறிந்து கிடந்தது.

“அண்ணை, இதை ஒட்டேலாதோ?”

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2013இல், கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்த வருடம், இதே துண்டை, கீபோட்டின் வயரை மதர்போட்டில் பிடித்து வைக்கிற சின்னப் பூட்டை, நானும் இதே மாதிரி முறித்தேன். அதற்குப் பிறகு எத்தனை பேர் அதைக் கடதாசியிலும் நெருப்புப் பெட்டியிலும் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்குறூவைத் தொலைக்காதே, லப்டொப்பை நிறுத்திவிட்டுத் தொடங்கு என்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழுது எதில் என்று பார்க்காமலே கழற்றுவது

முதலில் ஒரு யூ.எஸ்.பி. கீபோட்டைச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே குழப்பம் வந்தால் பழுது பெரும்பாலும் கீபோட்டில் இல்லை, முதலில் விண்டோஸில்தான் தேட வேண்டும். வெளிக் கீபோட் சரியாக வேலை செய்தால், லப்டொப்பை மீண்டும் தொடங்கி, விண்டோஸுக்கு முன் வருகிற பயோஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய் லப்டொப்பின் சொந்தக் கீபோட்டை அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் தொடங்க முன்னமே அது வேலை செய்யவில்லையென்றால்தான் ஸ்குறூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு ஆசிரியை அக்கா மாங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டெழுதுகிறவர். “தம்பி, ‘த’ அடிச்சா 1 வருது, ‘ம’ அடிச்சா 2, ‘ழ’ அடிச்சா 6. கீபோட் முழுக்கப் போட்டுது” என்றார். ஒன்றும் போகவில்லை. சில சின்ன லப்டொப்புகளில் எண்பலகை எழுத்துக் கீகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அந்த எண்பலகையைத் திறக்கிற நம்லொக் கீ தவறி அமுங்கினால் ‘ஜே’ 1 ஆகும், ‘கே’ 2 ஆகும், ‘ஓ’ 6 ஆகும். பாமினியில் அவைதான் த, ம, ழ. ஒரு அழுத்தில் சரியாகிவிட்டது. அவர் அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தார்.

வலது ஷிஃப்ட் கீயை எட்டு வினாடி தொடர்ந்து பிடித்தாலும் இப்படித்தான் ஒரு வில்லங்கம் வரும். ஃபில்டர் கீஸ் என்ற வசதி தொடங்கி, சட்டென்று தட்டுகிற எழுத்தெல்லாம் விழாமல் போகும். செற்றிங்ஸில் அதை நிறுத்தினால் போதும்.

சரி, பழுது கீபோட்டில்தான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் எந்தெந்தக் கீ வேலை செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே ஒவ்வொரு கீக்கும் தனி வயர் இல்லை. பாய் பின்னினதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. கீயை அமுக்கும்போது ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொடுகின்றன. ஒரே ஒரு கீ போனால் அந்த இடத்தில் ஊத்தை இருக்கும், அல்லது றப்பர் கிழிந்திருக்கும். நாலைந்து கீ ஒரே நாளில் சேர்ந்து போனால் ஒரு கோடு அறுந்திருக்கிறது, அல்லது ரிபன் என்கிற இணைப்பு வயர் இளகியிருக்கிறது. ரிபன் இளகினதென்றால் ஒரு சதமும் செலவில்லை, கழற்றித் திரும்பச் செருகினால் சரி. ஆனால் அந்தக் கழற்றித் திரும்பச் செருகுகிற வேலையில்தான் எல்லாம் நடக்கிறது.

பூட்டைத் திறக்காமல் ரிபனை இழுப்பது

கீபோட்டின் அடியிலிருந்து கடதாசி மாதிரி ஒரு தட்டை வயர் வரும். அதைத்தான் ரிபன் என்கிறோம். அது லப்டொப்பின் முதன்மைப் பலகையான மதர்போட்டிலுள்ள ஒரு சின்னச் சொக்கெட்டுக்குள் போகிறது. அந்தச் சொக்கெட்டுக்கு ஒரு பூட்டு உண்டு, தடிப்பு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். இணையத்திலுள்ள காணொளிகளில் இந்த இடம் மூன்று வினாடி. கை குறுக்கே வரும், ரிபன் வெளியே வந்துவிடும், அடுத்த ஸ்குறூவுக்குப் போய்விடுவார்கள். பார்க்கிற பிள்ளை அது இழுத்தால் வருகிற சாமான் என்று நினைக்கிறது. எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபம் வருவது இந்த மூன்று வினாடியில்தான்.

2013இல் நான் பழகிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு ஆசிரியையின் லப்டொப் வந்தது. நாலு கீ வேலை செய்யவில்லை. முதலாளி வெளியே போயிருந்தார். நானே கழற்றினேன், ரிபனை இழுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். ரிபனோடு பூட்டும் வந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. ரிபனைத் திரும்பச் செருகி மேலே ரேப் ஒட்டினேன். கீ எல்லாம் வேலை செய்தது, அவரும் சந்தோஷமாகக் கொண்டுபோனார். இரண்டு கிழமையில் சூட்டில் ரேப் இளகி, கீபோட் முழுக்கச் செத்துப்போய்த் திரும்பி வந்தார். முதலாளி என்னை ஏசவில்லை. ஒரு யூ.எஸ்.பி. கீபோட்டை அவருக்குக் காசில்லாமல் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க அந்த ஆசிரியை அதை ஒரு துணிப்பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதை நான் றோட்டில் பார்த்தேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன்.

கீபோட் போனால் கீபோட்டை மாற்றலாம். பூட்டு போனால் அடி விழுவது மதர்போட்டுக்கு. அதன் விலை கீபோட்டைப் போலப் பல மடங்கு.

பூட்டு எல்லா லப்டொப்பிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு வகையில் மெல்லிய மூடி ஒன்று படுத்திருக்கும். நகத்தால் அதன் விளிம்பை மெதுவாகத் தூக்கினால் கதவுபோல நிமிர்ந்து நிற்கும், ரிபன் தானே இளகும். மூடியின் பிணைச்சல் பெரும்பாலும் ரிபனுக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் ரிபன் பக்கத்திலேயே இருக்கும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தூக்கினால் முறியும். இன்னொரு வகை இழுப்புப் பூட்டு. இரண்டு அந்தத்திலும் காது மாதிரிச் சின்ன நீட்டல்கள் இருக்கும். இந்தக் காதை ஒருக்கால், அந்தக் காதை ஒருக்கால் என்று ரிபன் வருகிற பக்கமாக ஒரு மில்லிமீற்றர் அளவு நகர்த்த வேண்டும். அது முழுக்கக் கழன்று வராது, வரவும் கூடாது. புதுக்குடியிருப்புத் தம்பி இந்த இழுப்புப் பூட்டைக் கதவுப் பூட்டென்று நினைத்து மேலே தூக்கியிருக்கிறார். பூட்டே இல்லாத பழைய சொக்கெட்டும் உண்டு. அதில் ரிபன் நேரே இழுக்க வரும்.

எது எந்த வகை என்று கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. ரோச் அடித்து, போன் கமராவால் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள். அந்தப் படம் திரும்பப் பூட்டும்போதும் உதவும். ரிபனின் எந்த முகம் மேலே இருந்தது, எவ்வளவு ஆழம் போயிருந்தது என்று அதில் தெரியும். பழைய லப்டொப்புகளில் கீபோட் மேலாலே கழன்று வரும். அதைத் தூக்கின வேகத்தில் இழுக்காதீர்கள், ரிபன் கட்டையானது. மெதுவாகக் கவிழ்த்து, உள்ளங்கை வைக்கிற பகுதியின்மேல் படுக்க வையுங்கள். பின்னால் வெளிச்சம் எரிகிற கீபோட் என்றால் இரண்டாவதாக ஒரு ஒடுங்கின ரிபனும் இருக்கும், அதையும் தேடுங்கள்.

திரும்பச் செருகும்போது முழுதாக உள்ளே போன பிறகுதான் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீற்றர் சரிந்தாலும் சில கீகள் வேலை செய்யாது. கீபோட் செத்துவிட்டதென்று நினைத்துப் புதிதாக வாங்கி, அதையும் சரிவாகவே செருகி, அதுவும் பழுதென்று கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். பவர் பட்டன் கீபோட்டிலேயே இருக்கிற லப்டொப்பில் ரிபன் சரியாக இருக்காவிட்டால் லப்டொப் தொடங்கவே தொடங்காது. பயந்துவிடாமல் ரிபனைத் திரும்பப் பாருங்கள்.

ஏற்கெனவே முறித்துவிட்டீர்களென்றால் சுப்பர்குளூவைத் தொடாதீர்கள். அது சொக்கெட்டுக்குள் ஓடி ஊசிகளை மூடிவிடும். அதற்குப் பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. மெல்லிய பிளாஸ்ரிக் கீலம் ஒன்றை ரிபனின் தொடுகை இல்லாத பக்கத்தில் இறுக்கமாகக் கொடுத்து, மேலே சூடு தாங்கும் ரேப் ஒட்டினால் கொஞ்சக் காலம் ஓடும். நிலையான வழி, செத்த மதர்போட் ஒன்றிலிருந்து அதே சொக்கெட்டைச் சூடான காற்றால் எடுத்து மாற்றி ஒட்டுவதுதான். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அந்தத் தம்பிக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். கொடுக்க முன், பழைய போட் ஒன்றில் இரண்டு வகைப் பூட்டையும் பத்துத் தரம் திறந்து மூட வைத்தேன்.

சார்ஜரைக் கழற்றினால் போதும் என்று நினைப்பது

இப்போதைய லப்டொப்புகள் பலவற்றில் பற்றரி உள்ளேயே இருக்கிறது. லப்டொப் நின்றிருந்தாலும் மதர்போட்டில் மின் இருக்கும். அந்த நேரத்தில் ரிபன் சரிந்து பக்கத்து ஊசியைத் தொட்டால் ஷோர்ட் ஆகும். அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பற்றரியின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மற்றதைத் தொடலாம்.

தேத்தண்ணி ஊற்றுண்டால் அரிசிக்குள் வைப்பது

அரிசி ஒன்றும் செய்யாது. மூடின லப்டொப்புக்குள் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சி எடுக்கமாட்டாது. தவிட்டுத் தூள்தான் ஓட்டைகளுக்குள் போகும். நெல்லுக் காயவிடுகிற படங்கில் வெயிலுக்கு வைப்பது அதைவிட ஆபத்து, பற்றரி அந்தச் சூட்டைத் தாங்காது. பவர் பட்டனைப் பிடித்து உடனே நிறுத்துங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். “வேலை செய்யுதோ” என்று போட்டுப் பார்க்கிற கைதான் மதர்போட்டைக் கொல்கிறது.

எங்கள் பக்கத்துப் பிளேன்ரீயில் சீனி அதிகம். காய்ந்த பிறகும் சீனி ஒட்டிக்கொண்டே இருக்கும், எறும்பு வரும், செம்பும் வெள்ளியும் அரிக்கும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவாதீர்கள். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளை அங்கேயும் படியும். கழற்றின கீபோட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். தின்னரும் பெற்றோலும் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். உள்ளே இருக்கிற மூன்று மெல்லிய தாள்களுக்கு நடுவே ஈரம் போய்விட்டால் பெரும்பாலும் கீபோட்டை மாற்றத்தான் வேண்டும்.

லப்டொப்பின் பெயரைச் சொல்லிக் கீபோட் வாங்குவது

ஒரே பெயரில் விற்ற லப்டொப்புக்கே இரண்டு மூன்று விதமான கீபோட் வரும். என்டர் கீயின் வடிவம் மாறும், ரிபன் வருகிற இடம் மாறும், வெளிச்ச ரிபன் இருக்கும் அல்லது இருக்காது. கழற்றின பிறகு அடியில் ஒட்டியிருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கொழும்பிலிருந்து வந்த சாமானைத் திருப்பி அனுப்புகிற அலைச்சல் பெரியது.

டயர்க் கடைக் கொம்பிரசரால் புழுதி ஊதுவது

வேண்டாம். காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும்.

ஸ்பேஸ் பாரைக் கிளப்புவது

அடியில் கம்பி உண்டு. எழுத்துக் கீ மாதிரி நெம்பினால் கொளுக்கி முறியும்.

நீள ஸ்குறூவைக் கட்டைத் துளையில் போடுவது

மேல்மூடி துளைக்கும். கழற்றும்போதே ஒரு மட்டையில் லப்டொப்பின் வடிவத்தைக் கீறி, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

வீங்கின பற்றரியோடு கீயைத் தேடுவது

நடுக் கீகள் மேலே தள்ளி நின்றால், மவுஸ் பலகை அமுங்காவிட்டால், பழுது கீபோட்டில் இல்லை. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

ஸ்குறூ இல்லாத கீபோட்டை நெம்புவது

புதிய லப்டொப்புகள் பலவற்றில் கீபோட் மேல்மூடியோடு டசின் கணக்கான பிளாஸ்ரிக் முனைகளால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். திறந்து பார்த்து அப்படியிருந்தால், அடி மூடியைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். மேல்மூடியோடு சேர்த்து வாங்குவதா, முனைகளை வெட்டி மாற்றுவதா என்று வேலை தெரிந்தவர் ஒருவரோடு இருந்து பேசிவிட்டுத் தொடங்கலாம். அதுவரைக்கும் ஒரு யூ.எஸ்.பி. கீபோட் போதும்.