பிஎச்பி கிளாஸில் வரும் பார்ஸ் எரர்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

கோடின் இலக்கணம் தவறி பிஎச்பி அதைப் படிக்க முடியாமல் நின்றால் வருவது பார்ஸ் எரர். அந்தப் பிழைச் செய்தி காட்டும் வரி எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 6ஆம் வரியில் பிராபர்ட்டிக்குப் (கிளாஸுக்குள் அறிவிக்கும் மாறி) பின் அரைப்புள்ளி (;) விட்டுப்போய், 7 காலியாக இருந்து, 8இல் 'பப்ளிக் ஃபங்ஷன்' தொடங்கினால், பிழை 8ஆம் வரியில்தான் காட்டும். 'பப்ளிக்' என்ற சொல்லை எதிர்பார்க்கவில்லை என்று புலம்பும். ஆகவே காட்டிய வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள்.

அரைப்புள்ளி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால், முந்தைய மெத்தடின் (கிளாஸுக்குள் உள்ள ஃபங்ஷன்) உள்ளே ஒரு 'இஃப்' மூடப்படாமல் இருக்கும். மெத்தடுக்குரிய } அந்த இஃப்பை மூடிவிடும்; அடுத்த மெத்தட் பழையதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எடிட்டரில் ஒவ்வொரு { மீதும் கர்சரை வைத்து அதன் ஜோடியைப் பாருங்கள். கோப்பின் கடைசியில் } விடுபட்டால், பிஎச்பி 8 திறந்த அடைப்பின் வரி எண்ணையே சொல்லிவிடும்; பழைய பதிப்புகள் கோப்பு முடிந்துவிட்டது என்பதோடு நின்றுவிடும்.

கிளாஸ் உடலுக்குள் நேரடியாக 'எக்கோ' எழுத முடியாது. பிராபர்ட்டிக்கு முன் 'பப்ளிக்', 'பிரைவேட்' போன்ற சொல் வேண்டும். வெறும் டாலர் பெயர் போதாது. அதன் தொடக்க மதிப்பில் ஃபங்ஷனை அழைக்கவும் கூடாது, அதைக் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்) வையுங்கள்.

கோடு சரியாகவே தெரிகிறதா? சர்வரில் உள்ள பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். டைப் குறித்த பிராபர்ட்டி 7.4இலும், கன்ஸ்ட்ரக்டர் அடைப்புக்குள்ளேயே பிராபர்ட்டி அறிவிப்பது 8.0இலும்தான் வந்தன.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு, டெர்மினலில் பிஎச்பி கட்டளையோடு '-எல்' சேர்த்து (ஆங்கிலச் சிறிய எழுத்து) கோப்பின் பெயரைக் கொடுங்கள். கோப்பை இயக்காமலே இலக்கணத்தை மட்டும் சோதிக்கும். ஒரு நேரத்தில் ஒரு பிழையைத்தான் சொல்லும். அதைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள்.