கிராமப்புறப் பகுதியின் தேவைகளை மதிப்பிடும் முறை

களத்துக்குச் செல்லும் முன், மக்கள்தொகைப் பதிவுகள், சுகாதார நிலையத்தின் நோயாளர் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவேடு ஆகியவற்றைப் படித்துவிட வேண்டும். அவற்றில் உள்ளதையே மக்களிடம் மீண்டும் கேட்பது அவர்களுடைய வேலை நேரத்தை வீணாக்கும்.

எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாதபோது, தடுப்பூசி ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் பரப்பிய முறையைப் போல, 30 குடியிருப்புகளை மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுக்கலாம். சாலையோர வீடுகளோடு நின்றுவிடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் பிழை. வசதியற்றவர்கள் பெரும்பாலும் ஊரின் கடைக்கோடியில் இருப்பார்கள்.

வருமானம் எவ்வளவு என்ற நேரடிக் கேள்விக்குச் சரியான விடை அரிதாகவே கிடைக்கும். அதற்குப் பதிலாக, அறுவடைக்கு முந்தைய மாதங்களில் எத்தனை வேளை உண்டார்கள், கடைசியாகக் கடன் வாங்கியது மருத்துவத்துக்கா, விதைக்கா, பழைய கடனை அடைக்கவா என்று கேட்டால் குடும்பத்தின் நிலை தெளிவாகப் புலப்படும். பெண்களிடம் தனியாகப் பேசுவது அவசியம். ஆண்கள் சூழ்ந்திருக்கும்போது பேறுகால இடர்கள், கழிப்பறை வசதியின்மை ஆகியவை பேச்சில் வருவதில்லை.

நோய்களைப் பற்றிக் கடந்த இரண்டு வாரங்களுக்கு மட்டும் கேட்பது நல்லது. அதற்கு மேல் போனால் நினைவு தடுமாறும். 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் இடது மேற்கையின் நடுவில் சுற்றளவை, கையைத் தளரத் தொங்கவிட்டு, நாடாவால் இறுக்காமல் அளக்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அறிக்கை முடியட்டும் என்று காத்திராமல் அக்குழந்தையை அன்றே சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

தொகுத்த முடிவுகளை ஊர்க்கூட்டத்தில் படித்துக்காட்டி, எதை முதலில் செய்வது என்பதை ஊராரே வரிசைப்படுத்தச் செய்ய வேண்டும்.