மாவாகிப்போன ஆப்பிளில் சாஸ்

வாங்கி வைத்த ஆப்பிள் மாவு மாவாக ஆகிவிட்டதா? கடித்துத் தின்னத்தான் லாயக்கில்லை, சாஸுக்கு அதுதான் சீக்கிரம் குழையும். அழுகல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஒரு கிலோவைத் தோல், விதை நீக்கி நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு பட்டையோடு மூடி, சிறு தீயில் வேக விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் துண்டு தானாக உடைய வேண்டும். பட்டையை எடுத்துவிட்டு மத்தால் கடைந்தாலே போதும். மிக்ஸியில் போட்டால் குழந்தை உணவு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன் விட்டால் நிறம் கறுக்காது. சர்க்கரையை ருசி பார்த்துச் சேருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்தான்: ஐஸ் டிரேயில் ஊற்றி உறைந்ததும் கட்டிகளைப் பையில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி பாட்டிலில் உறைய வைப்பதானால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் விரிந்து பாட்டில் வெடிக்கும்.

அப்புறம், முட்டையில்லா கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் இந்தச் சாஸ் போடலாம்.