புரதம் உட்கருவுக்குள் போகிறதா? டிஜிடோனின் சோதனை, படிப்படியாக

புரதங்கள் தயாராவது உட்கருவுக்கு வெளியே. உள்ளே வேலை இருக்கும் புரதம், உட்கரு உறையிலுள்ள துளை வழியாகத்தான் நுழைய வேண்டும். எடை சுமார் 40 கிலோடால்டனுக்குக் (புரத எடையின் அலகு) கீழே என்றால் தானாகவே ஊடுருவிவிடும். பெரியவற்றுக்குத் துணை வேண்டும். புரதத்தின் அடையாள வரிசையை (உட்கருவுக்குள் போக வேண்டியது என்று காட்டும் அமினோ அமிலத் தொடர்) இம்போர்ட்டின் ஆல்ஃபா என்ற கடத்திப் புரதம் பிடித்துக்கொள்ளும். ஆல்ஃபாவை இம்போர்ட்டின் பீட்டா பிடித்து, துளைக்குள் கடத்தும். உட்கருவில் குவானோசின் ட்ரைபாஸ்பேட் ஏந்திய ரான் புரதம் நிறைய உண்டு. அது பீட்டாவைப் பற்றியதும் சரக்கு, அதாவது கடத்தப்படும் புரதம், கழன்றுவிடும். வெளியே ரான் பெரும்பாலும் குவானோசின் டைபாஸ்பேட் ஏந்தியே இருப்பதால் அங்கே கழலாது.

இதைக் கண்ணால் பார்க்க, 1990-இல் ஆடம், மார், ஜெரேஸ் மூவரும் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. டிஜிடோனின் என்ற பொருளால் செல்லின் வெளிச்சவ்வை மட்டும் ஓட்டையாக்கி, உள்ளே இருப்பதை வடித்துவிட்டு, நாம் தேர்ந்த பொருட்களை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் சரக்கு

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி 27 கிலோடால்டன்தான். அடையாள வரிசை இல்லாமலேயே உள்ளே போகும். அதனால் ஜிஎஸ்டி என்ற இன்னொரு புரதத்தையும் ஜிஎஃப்பியையும் சேர்த்துக் கட்டி, நுனியில் அடையாள வரிசையை வையுங்கள். ஜிஎஸ்டி இரட்டையாகச் சேரும் என்பதால் மொத்த எடை 100 கிலோடால்டனைத் தாண்டிவிடும். வரிசைக்கு எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜென்னில் உள்ளதே போதும்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வாலின். கூடவே இரண்டாவது லைசினைத் த்ரியோனினாக மாற்றிய இன்னொரு புரதமும் தயார் செய்யுங்கள். அந்த ஒரு மாற்றமே நுழைவைக் கெடுத்துவிடும். இது இல்லாமல் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

செல்களும் பஃபரும்

முந்தின நாளே ஹீலா செல்களை 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பில் வளர விடுங்கள். மறுநாள் பரப்பில் 50 முதல் 70 சதவீதம் நிறைந்திருந்தால் போதும்.

பஃபரில் ஹெப்பிஸ் 20 மில்லிமோலார் (பிஎச் 7.3), பொட்டாசியம் அசிட்டேட் 110, மெக்னீசியம் அசிட்டேட் 2, இஜிடிஏ 1 மில்லிமோலார். டிடிடி 2 மில்லிமோலாரையும் புரோட்டியேஸ் தடுப்பான்களையும் அன்றன்றைக்குத்தான் சேர்க்க வேண்டும்.

ஓட்டை போடுதல்

டிஜிடோனின் கொலஸ்ட்ராலைப் பிடித்து வேலை செய்வது. வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகம், உட்கரு உறையில் குறைவு. அளவு சரியாக இருந்தால் வெளிச்சவ்வு மட்டும் ஓட்டையாகும். நச்சுப் பொருள், கையுறை அவசியம்.

செல்களைக் குளிர்ந்த பஃபரில் இருமுறை கழுவுங்கள். மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் டிஜிடோனின் ஊற்றி, ஐஸ் மேல் 5 நிமிடம் வையுங்கள். மூன்று முறை கழுவி, கடைசிக் கழுவலில் 10 நிமிடம் விடுங்கள். செல்லின் சொந்த இம்போர்ட்டின்கள் வெளியேற அந்த நேரம் தேவை. எதை ஊற்றினாலும் ஓரத்திலிருந்து மெதுவாக. நேராக ஊற்றினால் செல்கள் பெயர்ந்து வந்துவிடும்.

40 என்பது தொடக்க அளவு மட்டுமே. டிஜிடோனின் தரம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். புதுப் பாட்டில் வந்தால் 20, 30, 40, 60 என்று நான்கு அளவுகளில் 70 கிலோடால்டன் ஒளிரும் டெக்ஸ்ட்ரானைப் போட்டுப் பாருங்கள். உட்கருவைச் சுற்றி ஒளி, உட்கரு மட்டும் கறுப்பு: இதுதான் சரியான அளவு. செல் முழுக்கக் கறுப்பாக இருந்தால் டிஜிடோனின் போதவில்லை. உட்கருவும் ஒளிர்ந்தால் உறை கிழிந்துவிட்டது.

கலவையும் காத்திருப்பும்

50 மைக்ரோலிட்டர் கலவையில் பாதி, அதே பஃபரில் டயாலிசிஸ் செய்த முயல் ரெட்டிகுலோசைட் லைசேட் (இளம் சிவப்பணுக்களை உடைத்து எடுத்த சாறு). இம்போர்ட்டின்களும் ரானும் அதிலிருந்து கிடைக்கும். மீதியில் ஆற்றல் கலவையும் சரக்கும், இறுதி அளவாக: ஏடிபி 1 மில்லிமோலார், குவானோசின் ட்ரைபாஸ்பேட் 0.5, கிரியேட்டின் பாஸ்பேட் 5, கிரியேட்டின் கைனேஸ் மில்லிலிட்டருக்கு 20 யூனிட், சரக்கு 0.5 மைக்ரோமோலார்.

ஈரப்பெட்டிக்குள் பாராஃபிலிம் விரித்து, கலவையைச் சொட்டாக வைத்து, செல் பக்கம் கீழாகக் கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்துங்கள். 30 டிகிரியில் 30 நிமிடம். பிறகு கழுவி, 3.7 சதவீத ஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்து, உட்கருவைக் காட்டும் டாபி சாயமிட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள்.

ஒப்பீடுகள்

உட்கரு பளிச்சென்று தெரிந்தாலே சரக்கு கடத்தப்பட்டதாகாது. கூடவே இவையும் ஓட வேண்டும்: லைசேட் இல்லாமல் ஒன்று, முழுக்க ஐஸில் ஒன்று, மாற்றிய லைசின் சரக்கோடு ஒன்று, கோதுமை முளை அக்ளூட்டினினில் (மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம்) 15 நிமிடம் முன்கூட்டியே வைத்தது ஒன்று. அக்ளூட்டினின் துளைப் புரதங்களின் சர்க்கரையில் ஒட்டி வழியை அடைத்துவிடும். இந்த நான்கிலும் உட்கரு மங்கலாக இருக்க வேண்டும். படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர். ஒவ்வொன்றிலும் 50 உட்கருக்களாவது அளந்து சராசரி எடுங்கள்.

கோளாறு எங்கே?

உட்கருவின் விளிம்பு மட்டும் வளையமாக ஒளிர்ந்தால், சரக்கு துளைவாயில் ஒட்டியிருக்கிறது, உள்ளே போகவில்லை. ஐஸில் வைத்ததில் இப்படித் தெரிவது இயல்பு. 30 டிகிரியிலும் அப்படியே என்றால் ரானையோ ஆற்றல் கலவையையோ சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் பழைய கிரியேட்டின் கைனேஸ்தான் காரணம்.

லைசேட் இல்லாமலேயே உட்கரு ஒளிர்ந்தால் கழுவியது போதவில்லை. மாற்றிய லைசின் சரக்கும் உள்ளே போனால் முதலில் சரக்கை ஜெல்லில் ஓட்டி அதன் எடையைப் பாருங்கள்: இணைப்பு வெட்டுப்பட்டு, தனி ஜிஎஃப்பி ஊடுருவியிருக்கலாம். நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் ஆர்என்ஏ நிறைந்த பகுதி) மட்டும் தனித்துப் பளிச்சிட்டால், லைசின் நிறைந்த வால் ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை நுழைவின் அளவாக எடுக்கக் கூடாது.

இதெல்லாம் சரியாக வந்த பிறகு உங்கள் சொந்தப் புரதத்தைப் போடுங்கள். லைசின் தொடர் எதுவும் இல்லாமலே அது நுழைந்தால், டிரான்ஸ்போர்ட்டின் போன்ற வேறு கடத்திகள் வேலை செய்யக்கூடும். அப்போது லைசேட்டுக்குப் பதில் சுத்திகரித்த கடத்திகளை ஒவ்வொன்றாக, ரானோடு சேர்த்து ஊற்றி, எதில் உட்கரு ஒளிர்கிறது என்று பார்க்க வேண்டும்.