ஊற்றுப் பெயிண்டில் வாழ்த்து அட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் அக்ரிலிக் ஊற்று ஓவியம் (இளக்கிய பெயிண்டைத் தாளில் ஊற்றியே படம் செய்வது) கற்றுக்கொள்ளும் ஒரு பெண், போன வாரம் இருபத்தைந்து பொங்கல் அட்டைகளைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கட்டைப் பிரிக்கப் போனால் பிரியவில்லை. “அக்கா, தொட்டுப் பார்த்துட்டுதான் அடுக்கினேன், கையில ஒட்டவே இல்லையே” என்றாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதும் இதேதான். கையுறை போடுங்கள், மேசையில் செய்தித்தாள் விரியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டால் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கும் தவறு இதுதான். அப்போது பொங்கலுக்கு 60 அட்டை கேட்டிருந்தார்கள். ஐப்பசியில் ஊற்றினேன். வெளியே அடைமழை. நான்காம் நாள் விரல் வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் மாட்டி பீரோவில் வைத்துவிட்டேன். மார்கழி பிறந்து எடுத்தால், கவரும் பெயிண்டும் ஒன்றாகியிருந்தன. மெதுவாக இழுத்தேன். பர்ரென்று ஒரு சத்தம். மயில்நீலம் தோல் மாதிரி உரிந்து கவரோடு வந்தது, அட்டையில் வெள்ளைத் தாள்தான் மிச்சம். ரப்பர் பேண்ட் அழுத்திய இடத்தில் கோடாகப் பள்ளம் வேறு. 60இல் தேறியது 11. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்ரிலிக் பெயிண்ட் தண்ணீர் ஆவியாகித்தான் காய்கிறது. மேல்பக்கம் முதலில் படலமாகிவிடும். அடியில் இருக்கும் தண்ணீர் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். தூரிகையால் தீற்றிய பூச்சு அரைமணியில் காய்ந்துவிடலாம். ஊற்றிய பூச்சு அதைவிடப் பல மடங்கு தடிமன். காற்றே நனைந்து கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சரி, முழுக்கக் காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது ஒருவகை பிளாஸ்டிக்தான். சூட்டில் இளகும், அழுத்தினால் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பதும் அக்ரிலிக் என்றால் பிரிக்கவே முடியாது.

அதனால் விரல் நுனியை நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம், பெயிண்ட் திரண்டு நிற்கும் ஓரத்தில் நகத்தை லேசாக அழுத்துங்கள். தடம் விழுந்தால் காத்திருக்க வேண்டியதுதான். நான் மூன்று வாரம் விடுகிறேன், மழைக்காலத்தில் நான்கு. ஹேர் டிரையர் காட்டி அவசரப்படுத்தினால் மேல்படலம் இறுகி வெடிப்பு விழும். பொங்கலுக்கு வேண்டுமா, புரட்டாசியிலேயே ஊற்றிவிடுங்கள்.

அடுக்கும்போது இடையில் சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் விரிப்பது) வையுங்கள். செய்தித்தாளும் டிஷ்யூவும் ஒட்டிக்கொள்ளும். ஓவியத்தைச் சுற்றி 2 மி.மீ. தடிமனில் அட்டைச் சட்டம் வைத்து ஒட்டினால் கவர் பெயிண்டைத் தொடவே தொடாது. அந்த மார்கழிக்குப் பிறகு நான் சட்டம் இல்லாமல் ஒரு அட்டைகூட அனுப்பியதில்லை.

மடித்த அட்டையின் மேலேயே ஊற்றுவது

பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான வாட்டர்கலர் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒரு பலகையில் ஒட்டி, அதில் ஊற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டி, அட்டையில் ஒட்டுங்கள். ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: அட்டை அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடம் அழகாக விழுந்திருக்கிறது என்று பார்த்து வெட்டலாம். ஒட்டுவதற்கு இருபக்க டேப். தண்ணீர் கலந்த பசை தாளை மறுபடியும் நெளியவைக்கும்.

சிலிகான் எண்ணெயை அள்ளி விடுவது

பெயிண்டில் வட்ட வட்டமான கண்கள் விழ ஒரு கப்புக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. எண்ணெய் மேலே தங்கினால் பசையும் பிடிக்காது, வார்னிஷும் திட்டுத்திட்டாக விலகும். காய்ந்ததும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

எண்ணெயே இல்லாமலும் கண்கள் வரும். டைட்டானியம் வெள்ளை கனமானது. கனம் குறைந்த நிறத்தின் மேல் அதை ஊற்றினால் அது கீழே இறங்கும், அடியில் இருந்த நிறம் அதைப் பிளந்துகொண்டு மேலே வரும். மெக்சிகோவின் சுவரோவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் 1930களில் இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றியும் படம் செய்தார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். துடைக்கும் வேலை கிடையாது.

வெறும் தண்ணீர் விட்டு இளக்குவது

வேண்டாம். பிடிப்பு போய், காய்ந்ததும் பொடியாக உதிரும். ஊற்று மீடியம் (பிடிப்பு போகாமல் பெயிண்டை இளக்கும் திரவம்) கலந்து, கரண்டியிலிருந்து விழும் தாரை ஒரு நொடி மேடாக நின்று அமிழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

மிச்சத்தை சிங்க்கில் கொட்டுவது

குழாய் அடைக்கும். கப்பிலேயே காயவிட்டு உரித்தெடுங்கள்.

பெயிண்ட் மேல் ஜெல் பேனாவில் எழுதுவது

மை உள்ளே இறங்காது, கட்டைவிரல் பட்டதும் இழுவும். அக்ரிலிக் மார்க்கரில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் அட்டைக் கட்டுக்குள் கத்தியை நுழைத்துப் பிரித்தோம். உரியாமல் பிழைத்த பகுதிகளை மட்டும் ஜன்னல் வைத்துத் தேடி வெட்டியதில் சின்னச் சின்னதாக ஒன்பது துண்டு தேறியது. இப்போது அவை பேக்கிங் பேப்பருக்கு நடுவே, மேலே எந்தப் பாரமும் இல்லாமல், என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.