இரவில் பதினைந்து நிமிடம்: அன்றாட வாழ்வில் இறைப்பிரசன்னத்தைக் கண்டுகொள்ளும் வழி

எம்மாவு என்னும் ஊருக்குச் சென்ற இரு சீடர்களோடு உயிர்த்த ஆண்டவர் இயேசு வழி நெடுகப் பேசிக்கொண்டு நடந்தார். ஆனாலும் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அவர்களுடைய கண்கள் திறந்து, அவரை இன்னாரென்று கண்டுகொண்டார்கள். வழியில் தங்கள் உள்ளம் பற்றி எரிந்ததை அவர்கள் நினைத்துப் பார்த்தது அவர் மறைந்த பிறகே. நமக்கும் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே, இறைவனின் உடனிருப்பை உணர விரும்புவோர் முதலில் பழக வேண்டியது, கடந்துபோன நாளைச் செபத்தோடு திரும்பிப் பார்ப்பதாகும். இதற்கு ஆன்ம ஆய்வு என்று பெயர்.

இதைக் கற்றுத்தந்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பம்பலோனா நகரில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. படுக்கையில் கிடந்த நாள்களில், வீரச் செயல்களைப் பற்றிய கனவுகள் இனித்தாலும் பின்னர் மனத்தை வறட்சியில் விட்டுச்சென்றதையும், புனிதர்களைப் பின்பற்றும் எண்ணமோ நெடுநேரம் மகிழ்ச்சியைத் தந்ததையும் அவர் கவனித்தார். எண்ணம் போன பிறகு மனத்தில் எஞ்சுவது என்ன என்னும் இந்தக் கவனிப்பே ஆய்வின் உயிர்நாடி. அவர் நிறுவிய துறவற சபையான இயேசு சபையினர் இன்றும் இதை நண்பகலிலும் இரவிலும் செய்கிறார்கள். குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இரவு ஒரு வேளையே போதும் என்பது என் கருத்து.

வீட்டு வேலைகள் முடிந்ததும், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அமருங்கள். அன்றைய நன்மைகளுக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பொதுவாகச் சொல்லாமல், பேருந்தில் இடம் கொடுத்தவர், சரியான பதத்தில் வெந்த சோறு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். பின்பு, நாளை உள்ளபடி காண ஒளி தருமாறு தூய ஆவியாரிடம் கேளுங்கள்.

அடுத்தது விழித்தது முதல் மணிக்கு மணி நாளைக் கடந்து வருவது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. என்ன செய்தேன் என்பதோடு, அப்போது என் மனம் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். அன்பும் நம்பிக்கையும் அமைதியும் எங்கே கூடின, எங்கே மனம் சுருங்கிக் கசந்தது என்று பாருங்கள். ஒருநாள் பால் டம்ளரைத் தட்டிவிட்ட என் மகளைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். அவள் பதில் பேசாமல் கரித்துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். துடைத்தபின், என் காலருகே சிந்தியிருந்த துளிகளையும் குனிந்து ஒற்றியெடுத்தாள். அந்த நேரத்தில் எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது. இரவு ஆய்வில் அந்தச் சிறு கை மீண்டும் கண்முன் வந்தபோது, சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் என் சமையலறையில் இருந்தார் என்று உணர்ந்து அழுதேன். இறைப்பிரசன்னம் எப்போதும் இதமாகவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் தவற்றைச் சுட்டும் வேதனையிலும் அவர் இருக்கிறார். ஆனால், அவர் தரும் வேதனை நம்மை மன்னிப்புக் கேட்கத் தூண்டும், நம்பிக்கையைப் பறிக்காது.

பிறகு தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, மறுநாளுக்கு ஒரேயொரு தீர்மானம் எடுத்து, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லி முடியுங்கள். கண்டதை ஒரு குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

எதுவுமே புலப்படாத இரவுகளும் வரும். அத்தகைய வறட்சியில், முன்பு எடுத்த நல்ல முடிவுகளை மாற்றக் கூடாது என்றும், செபத்தைக் குறைக்காமல் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமர வேண்டும் என்றும் இஞ்ஞாசியார் அறிவுறுத்துகிறார். அந்த இரவுகளில் நான் குறிப்பேட்டின் பழைய பக்கங்களைத் திறந்து, பால் சிந்திய நாளின் வரியை வாசித்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் அமர்ந்திருக்கிறேன்.